ஆறாவது புளியங்கொட்டை: இரண்டரை வயதுக் குழந்தையின் மூச்சுப்பாதை பற்றிய நிகழ்வு ஆய்வு

பத்து நாள் சளி, இளைப்பு. சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. பையனுக்கு இரண்டரை வயது, எடை 11 கிலோ, ஊர் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். தர்மபுரி மாவட்டத்தில் நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு வருவதற்கு முன்பே இரண்டு இடத்தில் வைத்தியம் பார்த்தாகிவிட்டது. நெபுலைசர் வைத்திருக்கிறார்கள், இரண்டு வகை ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வைத்த அன்று கொஞ்சம் தேவலாம்போல இருக்கும், மறுநாள் பழையபடி. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மருந்தின் அளவுகளும் என் தவறும் நடந்தபடியே இருக்கின்றன.

வந்தபோது நிமிடத்துக்கு 46 மூச்சு, நாடி 142, காய்ச்சல் 100.8. வெறும் காற்றில் ஆக்சிஜன் அளவு 93 சதவீதம். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கியது. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இடது பக்கம் மூச்சு தெளிவாகக் கேட்டது. வலது பக்கம் சத்தம் குறைவு, கூடவே ஒரு மெல்லிய விசில். இரண்டு பக்கமும் விசிலடித்தால் இளைப்பு. ஒரே பக்கம் அடித்தால் உள்ளே ஏதோ உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படு. இது எங்கள் படிப்பின் பழைய பாடம். குழந்தைகள் மருத்துவருக்கும் அந்தச் சந்தேகம் வந்து, "எதையாவது முழுங்கினானா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லீங்க" என்று பதில் வந்திருக்கிறது. முந்தின இரண்டு இடத்திலும் இதே கேள்வியும் இதே பதிலும் இருந்திருக்கலாம்.

இந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. அதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நீ பார்க்காமல் விட்டுவிட்டாயா என்று கேட்பதுபோல்தான் தாயின் காதில் விழும். அதனால் மயக்கத்துக்கு முன்னான பரிசோதனைக்குப் போனபோது வேறு மாதிரி ஆரம்பித்தேன். கட்டிலில் அம்மா, தரையில் ஆயா (பையனின் பாட்டி), ஆயாவின் முதுகில் சாய்ந்தபடி ஏழு வயது அக்கா.

"இருமல் ஆரம்பிச்ச அன்னைக்கு வீட்ல என்ன வேலை நடந்துச்சு?"

"புளி தட்டிக்கிட்டு இருந்தோங்க டாக்டரம்மா" என்றார் ஆயா.

மாசி, பங்குனியில் இந்தப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை அதுதான் வேலை. ஓட்டை உடைத்து, நார் உரித்து, தட்டிக் கொட்டையை எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. பக்கத்தில் கொட்டை குவியலாகக் கிடக்கும்.

"தம்பி அந்தக் குவியல்கிட்ட வந்தானா?"

"அவன் அங்க வரவே இல்லீங்க. இவகூட தாயம் ஆடிக்கிட்டு இருந்தான்."

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த அக்கா அப்போதுதான் பேசினாள். "அன்னைக்குத்தான் என் கொட்டை ஒண்ணு காணாம போச்சு."

தாயத்துக்கு அவள் ஆறு கொட்டை வைத்திருந்தாள். சின்னதாகப் பொறுக்கியெடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தேய்க்கும் சத்தமும் விரல் நுனிச் சூடும் மறந்திருக்காது. ஆறில் ஒன்று காணோம் என்று அவள் அழுதிருக்கிறாள், அதற்காக ஓர் அடியும் வாங்கியிருக்கிறாள். அதே நேரத்தில் தம்பி கண் பிதுங்க இருமியிருக்கிறான். புரையேறிவிட்டது என்று முதுகில் தட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நின்றுவிட்டது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இருமல் நின்றுபோவதுதான் இந்த நோயின் பெரிய ஏமாற்று. பொருள் குரல்நாணைத் தாண்டும்போது உயிர்போகிற மாதிரி இருமல் வரும். உள்ளே கிளைக்குழாயில் போய் அமர்ந்ததும் அடங்கிவிடும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் குழந்தை ஒன்றுமே நடக்காததுபோல விளையாடும். அப்புறம் சளி கட்டி, சீழ் கோத்து, காய்ச்சல் வரும்போது வேறு பெயர் ஒட்டிக்கொள்ளும். ஒன்று முதல் மூன்று வயதுக்குள்தான் இது அதிகம். கடைவாய்ப் பல் சரியாக முளைத்திருக்காது, எதையும் வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ளும் வயசு, வாயில் இருக்கும்போதே ஓடும், சிரிக்கும், அழும்.

எக்ஸ்ரேயில் கொட்டை தெரியவில்லை, தெரியவும் தெரியாது. நிலக்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை எதுவும் படத்தில் விழாது. ஆனால் வலது நுரையீரல் இடதைவிடக் கறுப்பாகவும் பெரிதாகவும் இருந்தது, இதயத்தின் நிழல் இடது பக்கம் தள்ளியிருந்தது. சைக்கிள் டியூப் வால்வின் கதைதான். மூச்சை இழுக்கும்போது குழாய் விரிந்து, கொட்டையைச் சுற்றிக் காற்று உள்ளே போகிறது. விடும்போது குழாய் சுருங்கிக் கொட்டையைக் கவ்விக்கொள்ள, போன காற்று அங்கேயே தங்குகிறது.

சிரப் கொடுத்துத் தூங்க வைக்கலாமே?

சி.டி. எடுத்துவிட்டால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று வார்டில் ஒரு யோசனை வந்தது. குழந்தை அசையாமல் படுக்க வேண்டுமே, டிரைக்ளோஃபாஸ் சிரப் கொடுத்துத் தூங்க வைத்துக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் என்று பின்னால் தோன்றியது.

காரணம் இதுதான். அந்த சிரப் உடலில் டிரைக்ளோரோஎத்தனாலாக மாறித்தான் வேலை செய்கிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 8 மணி நேரம் ஆகும். முறிக்க மாற்று மருந்து கிடையாது. கொடுத்த பிறகு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நல்ல மூச்சுப்பாதை உள்ள குழந்தைக்கே தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். இவன் ஒரு நுரையீரலை வைத்துக்கொண்டு, விலாத் தசைகளின் பலத்தில் மூச்சை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பலத்தைச் சிரப் எடுத்துவிட்டால், சி.டி. அறையில் உடன் இருக்கப்போவது ஒரு வார்டு ஊழியரும் ஒரு டெக்னீஷியனும்தான். மிடசோலம் கொஞ்சமாகக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் அதே பதில். மூச்சுப்பாதை அடைபட்ட குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுப்பதென்றால், அந்தப் பாதையைத் திறக்கும் கருவிகளும் அதைக் கையாளத் தெரிந்தவர்களும் இருக்கும் அறையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த அறை தியேட்டர். சி.டி. என்ன சொன்னாலும் கடைசியில் பிரான்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) உள்ளே போயே ஆக வேண்டும் என்னும்போது நடுவில் அந்த ஆபத்து எதற்கு?

சேலத்துக்கு அனுப்புவதா என்பது அடுத்த கேள்வி. சுமார் 65 கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் கணவாய். 108 வண்டி குலுங்கி, பையன் அழுது இருமி, கொட்டை கிளைக்குழாயிலிருந்து கிளம்பி மூச்சுக்குழாய்க்கு வந்தால் வளைவு ரோட்டில் என்ன செய்ய முடியும்? எங்களிடம் குழந்தைகளுக்கான பிரான்கோஸ்கோப் 3, 3.5 இரண்டு அளவும் இருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் இதைப் பலமுறை செய்தவர். குழந்தை நிலையாக இருந்தது. இங்கேயே செய்வது என்று முடிவெடுத்தோம். இந்த மூன்றில் ஒன்று இல்லாதிருந்தாலும், கூடவே மயக்க மருத்துவர் ஒருவரை ஏற்றி அனுப்பியிருப்பேன்.

காலை எட்டு மணிக்கு அவன் கேழ்வரகுக் கூழ் குடித்திருந்தான். மூச்சு நிலையாக இருந்ததால், வயிறு காலியாகட்டும் என்று மதியம் இரண்டு மணி வரை காத்திருந்தோம். அதற்குள் அப்பா பெங்களூரில் கட்டட வேலையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மயக்கம் குடுத்தா எழுந்துக்குவான் இல்லீங்களா?" எழுந்துகொள்வான், ஆனால் நடுவில் சில நிமிடம் ஆபத்தாக இருக்கலாம் என்று சொன்னேன். அந்த நிமிடம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போன வழி

பெரியவர்களுக்கு மயக்கத்தில் மூச்சு ஒரு நிமிடம் நின்றால் கொஞ்சம் அவகாசம் உண்டு. குழந்தைக்கு அது கிடையாது. கிலோவுக்கு நிமிடத்தில் 6 முதல் 8 மி.லி. ஆக்சிஜன் செலவழிக்கிறது, பெரியவர்கள் செலவழிப்பதைப் போல இரண்டு மடங்கு. நுரையீரலில் சேமிப்பு சின்னது. இவனுக்கு அதிலும் பாதி வேலை செய்யவில்லை. போதாததற்கு, இந்த அறுவையில் மூச்சுப்பாதை எனக்கு மட்டும் சொந்தமில்லை. அறுவை செய்பவரின் குழாயும் என் காற்றும் ஒரே ஓட்டை வழியாகத்தான் போய்வர வேண்டும்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் குஸ்தாவ் கில்லியன் 1897இல் ஒரு விவசாயியின் மூச்சுக்கிளைக்குழாயிலிருந்து எலும்புத் துண்டை எடுத்ததுதான் இந்த வித்தையின் தொடக்கம். அந்த விவசாயி வளர்ந்த ஆள், சொன்னால் கேட்டு உட்காருவார். இரண்டரை வயதுக்காரனிடம் அது நடக்காது. அதனால்தான் இந்த வேலையில் பாதி எங்கள் தலையில் விழுகிறது.

பையன் உள்ளே வரும் முன்பே எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினோம். மூச்சுக்குழாயில் வைக்கும் ட்யூப் 3.5, 4, 4.5. தொண்டைக்குள் எட்டும் வளைந்த மெகில் இடுக்கி. மூச்சுக்குழாய்த் துளையிடும் செட் பிரித்த நிலையில். சிரிஞ்சுகளில் அட்ரோபின் (நாடி விழாமல் காக்க), சக்சமெத்தோனியம் (தசையைச் சட்டென்று தளர்த்த), அட்ரினலின், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி. மார்பின் இடது பக்கம் ஒரு ஸ்டெதாஸ்கோப் மணியைப் பிளாஸ்டரால் ஒட்டி, அதன் குழாயை என் காதில் மாட்டிக்கொண்டேன். இளையவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆக்சிஜன் மானிட்டர் காட்டும் எண் அரை நிமிடம் பழசு. காதில் விழும் மூச்சு அந்த நொடியுடையது. காற்று சுற்றிலும் கசியும் இந்த வேலையில் கார்பன் டையாக்சைடு மானிட்டரையும் முழுசாக நம்ப முடியாது.

காது மூக்கு தொண்டை டாக்டரும் நானும் ஒரு சொல்லைப் பேசிவைத்துக்கொண்டோம். கொட்டையைப் பிடித்து வெளியே கிளம்பும்போது அவர் "வர்றேன்" என்பார், நான் புரோபோஃபோல் என்ற மயக்க ஊசி ஒரு தவணை கொடுத்துக் குரல்நாணைத் தளர்த்துவேன். பிசகு இந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

ஐ.வி. ஏற்கெனவே போட்டிருந்ததால் ஊசியில் ஆரம்பிக்கலாம். ஆனால் மூச்சை நிறுத்தாமல் தூங்கவைக்க நினைத்தேன். அட்ரோபின் 0.2 மி.கி., டெக்ஸாமெத்தசோன் 5 மி.கி. கொடுத்துவிட்டு, அம்மா மடியில் உட்கார்ந்தபடியே மாஸ்க் வைத்துச் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு. ஆக்சிஜனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 8 சதவீதம் வரை போனோம். ஒரு நுரையீரல் அடைபட்டிருந்தால் மருந்து மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படக் கூடாது. ஆறேழு நிமிடம் ஆனது. கண்மணி நடுவில் வந்து நின்று, கைகால் தொய்ந்த பிறகு அம்மாவை வெளியே அனுப்பினோம். புரோபோஃபோல் 10 மி.கி. இரண்டு தவணை. லாரிங்கோஸ்கோப் (குரல்வளையைப் பார்க்கும் கருவி) வைத்து, மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகேன் 1.5 மி.லி.யைக் குரல்நாணின் மேலும் கீழும் தெளித்தேன். மொத்தம் 30 மி.கி.; கிலோவுக்கு 4 மி.கி. என்ற உச்சவரம்புப்படி 44 வரை போகலாம். மறுபடி மாஸ்க், இரண்டு நிமிடக் காத்திருப்பு. மரத்துப்போகாத குரல்நாணில் இரும்புக் குழாய் பட்டால் அது இறுகிக்கொள்ளும்.

3.5 பிரான்கோஸ்கோப் சிக்கலில்லாமல் உள்ளே போனது. அதன் பக்கவாயில் ஜாக்சன் ரீஸ் பையை (கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் பை) மாட்டினேன். பையன் தானாகவே மூச்சுவிட்டான், நான் கையால் லேசாகத் துணை செய்தேன். குழாய்க்குள் தொலைநோக்கி (உள்ளே பார்ப்பதற்கான மெல்லிய கம்பி) இருக்கும்போது செவோஃப்ளூரேனை மட்டும் நம்ப முடியாது என்பதால் புரோபோஃபோலைக் கிலோவுக்கு நிமிடத்தில் 150 மைக்ரோகிராம் வீதம் ஓடவிட்டேன். மணிக்கு கிட்டத்தட்ட 10 மி.லி.

வலது கிளைக்குழாயின் வாயில் சீழ். உறிஞ்சி எடுத்ததும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கடலைப் பருப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். டாக்டர் இடுக்கியால் லேசாகத் தட்ட, அது புரண்டு பழுப்பு முதுகைக் காட்டியது. அக்கா தேய்த்து வெள்ளையாக்கிய பக்கம் மேலே இருந்திருக்கிறது. ஓடு போன அந்தப் பக்கம் பத்து நாளில் ஊறி உப்பியிருந்தது, மறுபக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. சுற்றிலும் சதை வளர்ந்து, தொட்டால் கசிந்தது. கசிவை அடக்க 1:10,000 அட்ரினலின் சில சொட்டு விட்டோம். செவோஃப்ளூரேன் என்பதால் தைரியமாக விட முடிந்தது. பழைய மயக்க வாயுவான ஹாலோத்தேனாக இருந்தால் இதயத் துடிப்பை நினைத்து யோசித்திருப்போம்.

இடுக்கி இரண்டு முறை வழுக்கியது. தொலைநோக்கி உள்ளே இருக்கும்வரை காற்று போக இடம் குறைவு, திரும்பி வர இன்னும் குறைவு. ஆக்சிஜன் அளவு 88க்கு வந்ததும் "சார், பின்னால வாங்க" என்றேன். அவர் குழாயை மூச்சுக்குழாய்வரை இழுத்து, தொலைநோக்கியை எடுத்துவிட்டு, திறந்த வாயைக் கட்டைவிரலால் மூடினார். பத்துப் பதினைந்து அழுத்தலில் 97. இப்படி மூன்று முறை போய்வந்தோம். மூன்றாவது முறை பிடி கிடைத்தது.

வெளியே வந்த வழி

"வர்றேன் மேடம்."

என் இடது கை பையில் இருந்தது. வலது கையால் சிரிஞ்சை எடுத்து 10 மி.கி. புரோபோஃபோல் தள்ளினேன். தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துகொண்டிருந்தார். கொட்டை குழாயின் உள்வாயைவிடப் பெரிது என்பதால் குழாய், இடுக்கி, கொட்டை மூன்றும் ஒன்றாகத்தான் வெளிவர வேண்டும். வந்தன. இடுக்கியின் வாயில் பழுப்புத் தோல் ஒரு சிம்பு மட்டும் இருந்தது.

காதில் சத்தம் இல்லை. மாஸ்க்கை அழுத்தி வைத்தேன். பை கல்லாக இருந்தது. மார்பு ஏற முயல்கிறது, கழுத்துக் குழி உள்வாங்குகிறது, காற்று மட்டும் போகவில்லை. தாடையைத் தூக்கி, காது மடலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் இரண்டு நடுவிரலாலும் அழுத்தினேன். குரல்வளை இறுகியிருந்தால் சில நேரம் இதில் விடும். விடவில்லை. இறுக்கமா, கொட்டையா, இரண்டுமா? மாஸ்க்கை வைத்துக்கொண்டு யோசித்தால் விடை கிடைக்காது. "சிஸ்டர், சக்சா இருபது" என்றேன். அதற்குள் 84. லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்தபோது 71, நாடி 90க்குக் கீழே.

குரல்நாண்கள் மெல்ல விரிந்தன. அவற்றுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் வாயில், தாழ்ப்பாள் போட்டதுபோல் குறுக்கே கொட்டை. வெள்ளைப் பக்கம் என்னைப் பார்த்தபடி.

குரல்நாணுக்கு மேலே இருந்தால் மெகில் இடுக்கியால் எடுத்திருக்கலாம். இது கீழே, கிரிகாய்டு வளையத்தில் செருகியிருந்தது. சின்னக் குழந்தையின் பாதையில் விரிந்துகொடுக்காத இடம் அது. வழுக்கும் கொட்டையை அங்கே நோண்ட நேரமில்லை. "உள்ள தள்ளுங்க சார், வலது பக்கம்" என்றேன். அவர் ஏற்கெனவே குழாயை எடுத்திருந்தார். அதன் நுனியாலேயே கொட்டையைத் திருப்பி, கீழே தள்ளி, முன்பு இருந்த வலது கிளைக்குழாயிலேயே கொண்டுபோய் வைத்தார். காற்று போனது. காதில் அந்தச் சத்தம் வந்தபோது மானிட்டர் 62 காட்டிக்கொண்டிருந்தது, நாடி 74. ஒரு நிமிடத்துக்குள் 95, அப்புறம் 98. நின்ற இடத்திலேயே முழங்கால் நடுங்கியதை நான் மறைக்க முயலவில்லை.

வலது பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்து நாளாகக் கெட்டுப்போன நுரையீரல் அது. கொட்டை நல்ல இடது பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், திறந்திருக்கும் வலது நுரையீரலால் உயிரைத் தாங்க முடியாது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே தள்ளு என்பது இந்த நேரத்துக்கான ஒரே விதி.

ஐந்து நிமிடம் எதுவும் செய்யாமல் காற்று மட்டும் கொடுத்தோம். இரண்டாம் முறை தானாக மூச்சுவிடும் முறையை விட்டுவிட்டேன். சக்சமெத்தோனியத்தை இன்னொரு தடவை கொடுத்தால் குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு சட்டென்று விழலாம். அதனால் தசையைத் தளர்த்தும் இன்னொரு மருந்தான அட்ராகூரியம் 5 மி.கி. கொடுத்து, கையாலேயே முழுமையாகக் காற்று கொடுத்தேன். இந்த முறை டாக்டர் கொட்டையை நீளவாக்கில் பிடித்து, குரல்நாண் பக்கம் வரும்போது இடுக்கியைக் கால் வட்டம் திருப்பினார். குரல்நாண்களின் இடைவெளி முன்பின்னாக நீண்டது. தட்டையான பொருள் அதற்கு இணையாக நின்றால்தான் வெளிவரும். நான் லாரிங்கோஸ்கோப்பால் வழியைத் திறந்துபிடித்திருந்தேன். கொட்டை முழுசாக வந்தது. அளந்து பார்த்தோம், 10 மி.மீ. நீளம், 7 மி.மீ. அகலம்.

மறுபடி ஒரு பார்வை உள்ளே, மிச்சத் தோல் இருக்கிறதா என்று. இருந்தது, உறிஞ்சி எடுத்தார். குழாய் கடைசியாக வெளியே வந்ததும் வயதுக் கணக்குப்படியான 4.5 ட்யூபை விட்டுவிட்டு, வீக்கத்தை எண்ணி 4 போட்டேன். 4 மி.மீ. பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால் காற்றுக்கான தடை 16 மடங்காகும் என்பது வெறும் பரீட்சைக் கணக்கு இல்லை. தசைத் தளர்ச்சியை நியோஸ்டிக்மின் 0.5 மி.கி., கிளைகோபைரோலேட் 0.1 மி.கி. கொண்டு முறித்து, நன்றாக விழித்துக் கைகாலை உதறிய பிறகே ட்யூபை எடுத்தோம். மூச்சிழுக்கும்போது லேசான கரகரப்பு. அட்ரினலின் 1:1000 5 மி.லி. நெபுலைசரில். இரவு பத்து மணிக்குள் அடங்கியது. மறுநாள் எக்ஸ்ரேயில் வலது கீழ்மடல் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நாலாம் நாள் வீட்டுக்குப் போனான்.

எங்கே பிசகினேன்

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் "வர்றேன்" என்று சொன்னதிலிருந்து கொட்டை குரல்நாணைத் தொட்டதுவரை பத்து நொடிக்கு மேல் இருக்காது. புரோபோஃபோல் கையின் ரத்தக்குழாயிலிருந்து புறப்பட்டு வேலை செய்ய அரை நிமிடமாவது வேண்டும், முழு பலம் இன்னும் தாமதம். மருந்து சரி, அளவு சரி, நேரம் தப்பு. மூன்று முறை உள்ளே வெளியே போய்வந்ததில் லிக்னோகேனின் மரப்பும் குறைந்திருக்கும். மறுபடி தெளிக்க 14 மி.கி. மிச்சமிருந்தும் நான் தெளிக்கவில்லை. மூடிக்கொண்ட குரல்நாண்கள் கொட்டையைத் தட்டிவிட்டன. டாக்டரின் பிடியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தானாக மூச்சுவிட வைப்பதா, தசையைத் தளர்த்திக் கையால் காற்று கொடுப்பதா என்ற வழக்கு எங்கள் துறையில் தீராத ஒன்று. முதல் கட்சி, காற்றைத் தள்ளினால் பொருள் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும் என்கிறது. இரண்டாம் கட்சி, ஆழம் போதாமல் குழந்தை இருமி இறுகுவதுதான் பெரிய ஆபத்து என்கிறது. எது மேல் என்று யாரும் தீர்மானமாக நிரூபித்துவிடவில்லை. நான் முதல் கட்சிக்காரி. உள்ளே போவதற்கு இன்றும் அப்படித்தான் செய்வேன், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் மூச்சை நிறுத்த மனசு வராது. ஆனால் வெளியே வருவது வேறு வேலை. பொருள் எங்கே என்று தெரிந்துவிட்டது, கையில் பிடி இருக்கிறது, இனி அது கடக்க வேண்டியது ஒரே ஒரு வாசல். அந்த வாசல் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே போவதற்கு எடுத்த முடிவையே வெளியே வருவதற்கும் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நடந்தது.

இப்போது எங்கள் தியேட்டரில் "வர்றேன்" என்ற சொல் இல்லை. டாக்டர் "பிடிச்சிட்டேன்" என்பார், சொல்லிவிட்டுப் பிடித்தபடியே மூச்சுக்குழாயின் நடுவில் நிற்பார். நான் மருந்து கொடுத்து, ஆக்சிஜன் ஏறுகிறதா என்று பார்த்து, சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு, "வாங்க" என்பேன். அதன் பிறகுதான் குழாய் நகரும். முதல் தடவை இதைச் சொன்னபோது, இடுக்கியில் பிடி ஒரு நிமிடம் நிற்குமா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பிடி வழுக்கினால் கொட்டை பழைய இடத்துக்குத்தான் போகும், குரல்நாணுக்குக் கீழே குறுக்காக நிற்காது என்றேன். ஒத்துக்கொண்டார். கூடவே, இடுக்கி வாய் திறக்கும் முன்பே சக்சமெத்தோனியம் சிரிஞ்சு ஐ.வி. வாயில் மாட்டியிருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். அன்று அது மேசையில் இருந்ததால் போன நொடிகளை நான் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறு பரிசோதனைக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் மூச்சு ஒரே அளவு. பையன் என்னைப் பார்த்ததும் ஆயாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான், அதில் தப்பில்லை. அக்காவும் வந்திருந்தாள். மிச்ச ஐந்து கொட்டையையும் ஆயா அடுப்பில் போட்டுவிட்டாராம்.

"அப்போ இப்ப தாயம் ஆடறது இல்லையா?"

"ஆடறோமே. அப்பா சோழி வாங்கிட்டு வந்தாரு."

எவ்வளவு பெரிய சோழி என்று கேட்டேன். சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக் காட்டினாள். நான் ஆயாவைப் பார்த்தேன். "பரண் மேலதாங்க வெச்சிருக்கேன் டாக்டரம்மா, இவ ஆடறப்ப மட்டும் எண்ணிக் குடுத்து எண்ணி வாங்கறேன்" என்றார் அவர்.